வழித்துணை: பயணத்தில் ஒரு சமூகவியல் பார்வை

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா மேடையில் அறநூல்களைப் பற்றிப் பேசுவதே மரபு. அப்பணியைச் செய்யத்தக்க புலவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். என்னை அழைத்தவர்களோ, “கல்லூரியில் நீங்கள் கற்பித்த சமூகவியலிலிருந்தே ஏதேனும் சொல்லுங்கள், ஆனால் அடுக்களையில் இருப்போர்க்கும் அது விளங்க வேண்டும்” என்று நிபந்தனை விதித்துவிட்டார்கள். அடுக்களை என்னும் சொல்லை அவர்கள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். நான் அதனை இறுகப் பற்றிக்கொண்டேன். என் உரை முடிவில் அங்கேதான் வந்து நிற்கப் போகிறது. எடுத்துக்கொண்ட பொருள் பயணம். ஆண்டுதோறும் இந்த அறக்கட்டளை திருத்தலப் பயணம் ஒன்றை நடத்துகிறது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையேனும் அதில் சென்று வந்தவர்கள். அதைப் பற்றிய வேண்டுகோள் ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

முதலில் சமூகவியல் பார்வை என்பது யாது எனச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சமூகவியலறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். ஓர் இலட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவனுக்கு வேலை இல்லையென்றால், அது அவனுடைய சொந்தத் துன்பம். அவனுடைய பழக்கம், திறமை, வாய்ப்பு ஆகியவற்றை ஆராய்ந்தால் போதும். ஆனால் ஐந்து கோடிப் பேர் உழைக்கும் ஒரு நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், அவர்களை ஒவ்வொருவராக அழைத்து அறிவுரை கூறிப் பயனில்லை. அங்கே பழுதுபட்டிருப்பது ஏற்பாடு. தனி ஒருவரின் துன்பத்திற்கும் பொதுச் சிக்கலுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டையும் தொடர்பையும் அறிவதே சமூகவியலின் அரிச்சுவடி.

இதை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். வந்தவாசிப் பக்கமோ திண்டிவனம் பக்கமோ உள்ள ஒரு சமணக் கிராமத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், அது அந்த வீட்டாரின் கதை. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், பெற்றோரை உடன் அழைத்துக்கொண்டான் என்று சொல்லிக் கடந்துபோகலாம். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து, ஜினாலயத்தில் விளக்கேற்ற முறை வைக்கவும் ஆளில்லாமற்போனால், “பிள்ளைகளுக்குப் பற்றில்லை” என்ற விளக்கம் போதாது. நிலத்தின் வருவாய், மேற்படிப்பு கிடைக்குமிடம், வேலை கிடைக்குமிடம், பெண் கொடுப்பார் கேட்கும் கேள்விகள் என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்ப்பவர்க்குப் பிள்ளைகள்மீதுள்ள சினம் சற்றுத் தணியும். செய்ய வேண்டியது எது என்பதும் சற்றுத் தெளியும்.

இந்தப் பார்வையைப் பழகிக்கொள்ளப் பயணத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை என்பது என் கருத்து. நம் வீட்டுத் திண்ணைத் தூண் எங்கே இருக்கிறது என்பதை இருட்டிலும் கை அறியும். அதனாலேயே பகலில் கண் அதனைப் பார்ப்பதில்லை. யார் முதலில் உண்பது, யார் எங்கே படுப்பது, யாரிடம் எந்தச் சொல்லால் பேசுவது என்பனவெல்லாம் வீட்டில் கேள்வியின்றி நடந்துவிடுகின்றன. வண்டியில் ஏறியதும் அவை ஒவ்வொன்றும் புதிதாக முடிவு செய்யப்பட வேண்டியனவாகிவிடுகின்றன. அப்போதுதான் அவை கண்ணுக்குப் படுகின்றன.

ரயில் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். பெர்லின் நகரில் வாழ்ந்த கியோர்க் சிம்மெல் என்னும் அறிஞர் 1908இல் எழுதிய பெருநூலில் ஒரு நுட்பமான செய்தியைக் குறித்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை பூட்டிய பொது வண்டியும் ரயிலும் டிராமும் வருவதற்கு முன்னர், மனிதர்கள் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு, ஆனால் ஒரு சொல்லும் பேசாமல், அருகருகே அமர்ந்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டதே இல்லையாம். இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் ஒரு நிலை, ஒரு வாகனத்தோடு வந்து சேர்ந்தது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எர்விங் கோஃப்மன் 1963இல் இதற்கு அடுத்த படியைக் காட்டினார். அறிமுகமற்றவர்கள் எதிர்ப்படும்போது ஒரு கணம் பார்த்து, “நீ இருப்பதை அறிந்தேன்” என்பதைக் கண்ணாலேயே உணர்த்திவிட்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். அதனை நாகரிகமான பாராமுகம் எனத் தமிழில் சொல்லலாம். முறைத்துப் பார்ப்பதும் தவறு; ஆள் இருப்பதையே அறியாதது போல் இருப்பதும் தவறு. சென்னை மெட்ரோவில் போகும் நம் பிள்ளைகள் இதனை யாரும் கற்பிக்காமலே செம்மையாகச் செய்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டு நெடுந்தூர ரயிலில் இந்த விதி பாதிதான் செல்லும். எழும்பூரில் வண்டி நகர்ந்து தாம்பரம் வருவதற்குள் “எதுவரைக்கும் போறீங்க?” என்ற கேள்வி வந்துவிடும். செங்கல்பட்டிற்குள் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கட்டணம் ஏற ஏறப் பேச்சுக் குறைகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் நால்வர் இருக்கையில் அறுவர் அமர்ந்து, ஏழாமவருக்கும் “சற்றுத் தள்ளி உட்காருங்கள்” என்று இடம் உண்டாக்குகிறார்கள். இருக்கையை அங்கே பேசித்தான் பெற வேண்டும். குளிரூட்டிய பெட்டியில் இடத்தைப் பணம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டது. அதன்மேல் திரைச்சீலை ஒன்றும் தொங்குகிறது. ஒருவருக்கொருவர் தேவைப்படாத இடத்தில் உரையாடல் வாடிவிடுகிறது. நடுப்படுக்கை என்பதும் என்னைப் பொறுத்தவரை ஓர் ஆய்வுக்கூடம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையே அதனை விரித்துப் படுக்கலாம் என்பது ரயில்வே விதி. விதியை எடுத்துக் காட்டி எவரும் சண்டையிடுவது அரிது. கீழே அமர்ந்திருக்கும் முதியவர் கொட்டாவி விடுவார். எதிரில் உள்ள அம்மையார் தட்டைக் கழுவி வைப்பார். நடுப்படுக்கைக்காரர் எழுந்து நின்று சங்கிலியைத் தொடுவார். மூன்று குடும்பங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

இந்த உரையாடல்களின் நடுவே ஒரு கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கும். நேராகக் கேட்கப்படாது. சொந்த ஊர் எது, தெருப் பெயர் என்ன, உணவு சைவமா என்று சுற்றிச் சுற்றி வந்து, “நீங்கள் யார்?” என்பதில் முடியும். இந்த அவையில் இருப்போர் அனைவரும் அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்களே. “ஜெயின்” என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு வியப்புத் தோன்றும். அடுத்து, “தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே, எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?” என்று பாராட்டுவார்! ஈராயிரம் ஆண்டுகளாக என்று விடை சொன்னால் விளையாட்டாகச் சொல்கிறோம் என்று நினைப்பார்.

இதற்குச் சினம் கொள்வதால் பயனில்லை. அந்தப் பயணியின் அறியாமை அவர் ஒருவருடைய அறியாமை அன்று என்பதைக் காண வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் சமணர் ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களிடையே இது மிகச் சிறு தொகை. அந்தத் தொகையிலும் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் தமிழ்ச் சமணர்களும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறார்கள். கணக்கில் தனிக் கட்டம் இல்லை. நகரத்துக் கடைத்தெருவில் அவர் நாள்தோறும் காண்பவர் வடபுலத்து வணிகர். சேத்துப்பட்டு, போளூர்ப் பக்கங்களில் நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் நயினாரை அவர் கண்டதில்லை. பள்ளியில் சீவகசிந்தாமணியையும் நாலடியாரையும் படித்திருப்பார். ஆயினும் அந்தப் பாடம் சமணரைப் பழங்காலத்திலேயே நிறுத்திவிட்டது. அவர்களின் வழிவந்தோர் இன்று எதிர் இருக்கையில் அமர்ந்து தயிர்ச்சோறு உண்ணக்கூடும் என்று சொல்லித் தரவில்லை. ஆக, கணக்கெடுப்பும் கடைத்தெருவும் பாடநூலும் கூடி அவருக்கு ஒரு கண்ணாடியை மாட்டியிருக்கின்றன. அவர் அதன் வழியே நம்மைப் பார்க்கிறார்.

இதோடு நின்றுவிட்டால் அது பாதிச் சமூகவியல்தான். மறு பாதி நமக்குச் சுவையாக இராது. அதே ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வரும் இளைஞர்கள் இரண்டு நாள் நின்றும் அமர்ந்தும் வருகிறார்கள். அவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? இந்திக்காரர்கள் என்கிறோம். அவர்களில் ஒடியா பேசுபவர் உண்டு, வங்காளம் பேசுபவர் உண்டு, மைதிலி பேசுபவர் உண்டு, அசாமின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருபவர் உண்டு. நாம் எவரிடமும் ஊரைக் கேட்டதில்லை. நம்மை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள் என்று வருந்தும் நாம், அவர்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒரு கண்ணாடி நம் மூக்கிலும் இருக்கிறது.

எங்கே அமர்கிறோமோ அங்கிருந்து தெரிவதே நமக்குத் தெரியும். இதனை நன்கு அறிந்து, அமரும் இடத்தையே மாற்றிக்கொண்டவர் காந்தியடிகள். 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியதும், கோகலேயின் அறிவுரைப்படி நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். அது சிக்கனத்திற்காக மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1917இல் அவர் எழுதிய சிறு வெளியீட்டில், அவ்வகுப்புப் பயணிகளின் நிலையை ஆராய்வதும் தம் நோக்கங்களில் ஒன்று என்பதைக் கூறியிருக்கிறார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணத்தை அதில் விவரிக்கிறார். கட்டணம் பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா. 22 பேர் அமரலாம் என்று எழுதப்பட்ட பெட்டி. இரண்டு இரவுகள். படுக்க வழியில்லை. ராய்ச்சூரைத் தாண்டியதும் நெரிசல் தாங்க முடியாததாயிற்று. கழிப்பிடம் வழியில் தூய்மை செய்யப்படவில்லை. முதல் வகுப்புக்காரர் தருவது இதைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். அப்படியானால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அந்த வசதியில் ஐந்திலொரு பங்காவது கிடைக்கிறதா என்று கணக்குக் கேட்கிறார். பயணிகளின் அழுக்குப் பழக்கங்களையும் அவர் மறைக்கவில்லை. குறையை மக்களிடமும் காண்கிறார், ஏற்பாட்டிலும் காண்கிறார், இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதையும் காண்கிறார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ரயில்வேயிலிருந்து நீங்க 1970கள் வரை ஆயிற்று. இரண்டாம் வகுப்பு மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை வந்தது, 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதேயின் காலத்தில்.

அறிஞர் எம். என். சீனிவாஸ் இதே செய்தியை வேறு முறையில் ஒப்புக்கொள்கிறார். அவர் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்தார். ராம்புரா என்று அதற்கு நூலில் பெயரிட்டார். 1970இல் அமெரிக்காவில் அவர் இருந்த ஆய்வு நிலையத்திற்குத் தீ வைக்கப்பட்டதில் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் எரிந்தன. பின்னர் நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதினார். 1976இல் நூல் வெளிவந்தது. ஊர்த் தலைவரின் வீட்டைச் சார்ந்து தங்கியதால் ஊரைத் தாம் மேலோர் பக்கமிருந்தே மிகுதியாகக் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே மாணவர்களுக்கு அந்த நூலைப் பரிந்துரைப்பது என் வழக்கம்.

இனி, இன்றைய உரைக்கு உயிரான நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஐராவதி கார்வே என்னும் அம்மையாரை உங்களில் சிலர் மகாபாரத ஆய்வு நூலான ‘யுகாந்தா’வின் ஆசிரியராக அறிந்திருப்பீர்கள். 1905இல் பர்மாவில் பிறந்தவர். அந்நாட்டு ஐராவதி ஆற்றின் பெயரே அவர் பெயர். பெர்லினில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, புனே டெக்கான் கல்லூரியில் சமூகவியலும் மானிடவியலும் கற்பித்தார். மராட்டிய மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆடி ஏகாதசிக்காகப் பல ஊர்களிலிருந்தும் பண்டரிபுரத்திற்கு மக்கள் நடந்து செல்கிறார்கள். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளைச் சுமந்த பல்லக்கு புறப்படும். அதன் முன்னும் பின்னும் திண்டி எனப்படும் குழுக்கள் பாடிக்கொண்டு நடக்கும். இரண்டு வாரத்திற்கும் மேற்பட்ட நடை. கார்வே அம்மையார் அதில் ஒரு திண்டியோடு சேர்ந்து நடந்தார். அவர் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஆங்கில வடிவம் 1962இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. இந்தியப் பயணம் பற்றிய சமூகவியல் எழுத்துகளில் அதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

அந்தக் கட்டுரையில் பக்தி இருக்கிறது, மழை இருக்கிறது, சேறு இருக்கிறது, பாட்டின் மகிழ்ச்சி இருக்கிறது. அவரும் அதில் கரைந்துபோகிறார். ஆனால் அவருடைய கண் மட்டும் கரையவில்லை. சாதி வேற்றுமையைக் கண்டித்த அருளாளர்களின் பாடல்களை ஒரே குரலில் பாடி நடக்கும் திண்டி, உண்ணும் நேரம் வந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிராமணப் பெண்கள் தனியே உண்கிறார்கள். மராட்டாப் பெண்கள் தனியே உண்கிறார்கள். எல்லோரும் குளித்துத் தூய்மையாக இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்திற்குத்தான் போகிறார்கள். பிறகு ஏன் இரண்டு அடுப்பு? மறுமையில் ஒன்றாக இருப்பதற்காக மட்டுமா இந்தப் பாட்டெல்லாம் என்ற ஐயம் அவரை வழிநெடுக வாட்டியது. அவர் இரு பக்கமும் சென்று உண்டார். உண்ட பிறகு மராட்டாப் பெண்கள் அவரிடம் நெருங்கி வந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, தம் குடும்பக் கதைகளைச் சொன்னார்கள். மராத்தியில் ‘தாயி’ என்றால் அக்காள். முடிவில் அவ்வாறே அழைத்தார்கள்.

பயணம் முடியும் தறுவாயில், புனேவுக்கு வந்தால் உங்களைக் காண வருவோம் என்று அந்தப் பெண்கள் சிலர் சொல்கிறார்கள். அப்போது ஓர் இளம்பெண் ஒரு கேள்வி கேட்கிறாள்: இப்போது எங்களிடம் எப்படி நடந்துகொள்கிறீர்களோ, அப்படியே அங்கேயும் நடந்துகொள்வீர்களா? அவ்வளவுதான் கேள்வி. அது தம் உள்ளத்தைச் சுட்டதாக அம்மையார் எழுதுகிறார்.

அந்தப் பெண் பள்ளிக்குச் சென்றவளா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பயணத்தில் நிகழும் நெருக்கம் எத்தன்மையது என்பதை எங்களைப் போன்ற பேராசிரியர்களைவிடத் தெளிவாக அவள் அறிந்திருந்தாள். வழியில் உண்டாகும் சமத்துவம் வழியோடு போய்விடும் என்பதை அவளுடைய வாழ்க்கை அவளுக்குக் கற்பித்திருந்தது. பயணத்திலிருந்து இறங்கி வீட்டுக் கதவைத் தட்டும் நேரத்தில்தான் ஒருவரை அறிய முடியும் என்பது அவளுடைய சமூகவியல்.

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, நம் திருத்தலப் பயணப் பேருந்தில் ஏறுவோம். மேல்சித்தாமூர், பொன்னூர் மலை, திருமலை என்று ஒரு நாளில் திரும்பும் பயணமாயினும், சிரவணபெளகொளா வரை செல்லும் நெடும் பயணமாயினும், அமைப்பு ஒன்றே. இங்கே நம் உணவு நெறி ஓர் உண்மையை வெளிப்படுத்துகிறது. வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகியவற்றை விலக்குபவர்கள் சாலையோர உணவகத்தில் நம்பி உண்ண இயலாது. கதிரவன் மறைவதற்குள் உண்டு முடிக்க வேண்டும். உணவகத்தின் இரவுச் சாப்பாடோ ஏழு மணிக்குமேல்தான் தொடங்கும். குடிநீரும் வடிகட்டியதாக இருக்க வேண்டும். எனவே நாம் எங்கே போனாலும் அடுக்களையும் நம்முடன் வருகிறது. கட்டுச்சோறும் புளிக்காய்ச்சலும் தயிரும், அண்டா, கரண்டி, வடிதுணி முதலியவையும் ஏறிய பிறகே பேருந்து புறப்படுகிறது. அந்த நெறியைக் காப்பவர்கள் ஐம்பது பேர். அதற்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுபவர்கள் எத்தனை பேர்? நோன்பு எல்லோருடையதாகவும் அடுப்பு சிலருடையதாகவும் இருக்கிறது. அந்தச் சிலர் அனைவரும் பெண்கள்.

மாணவர்களுக்கு நான் ஒரு சிறு பயிற்சி தருவதுண்டு. ஒரே சுற்றுலாவுக்குச் சென்று வந்த கணவரையும் மனைவியையும் தனித்தனியே, “பயணம் எப்படி இருந்தது?” என்று கேட்டு எழுதி வரச் சொல்வேன். கணவர் கோயில்களின் பெயரையும் கிலோமீட்டரையும் சொல்வார். மனைவி எங்கே தண்ணீர் வந்தது, எங்கே வரவில்லை, குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இருந்ததா, யாருக்கு உணவு போதவில்லை என்று சொல்வார். இருவர் சொன்னதும் உண்மையே. ஆனால் அவர்கள் சென்று வந்தவை இரண்டு பயணங்கள். மலைமேல் கோமடேசுவரரின் திருமேனியைக் கண்டு மற்றவர்கள் மெய்சிலிர்த்து நிற்கும்போது, மாலை உணவைக் கதிரவன் மறைவதற்குள் ஆயத்தம் செய்ய வேண்டுமே என்று பாதி வழியில் இறங்கிவிட்ட தாய்மார்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். பலர் சொல்ல மாட்டார்கள், புன்முறுவல் செய்வார்கள்.

விந்தியகிரிக்கு அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். முதியோரை டோலியில் தூக்கிச் செல்வோர் அடிவாரத்தில் காத்திருப்பார்கள். முதியோர்க்கு அது பேருதவி. அதனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டோலிக்காரரிடம் நாம் பேரம் பேசும் விதத்தைச் சற்றுத் தள்ளி நின்று கேட்டால், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டிப் பூசனை செய்த அதே குரலா இது என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க்காக நீரை வடிகட்டும் மரபில் வந்தவர்கள் நாம். கண்ணெதிரே நிற்பவருடைய தோளில் உள்ள காய்ப்பு நம் கணக்கில் வருவதில்லை. இது தனி மனிதரின் கல்நெஞ்சம் என்று நான் கருதவில்லை. உண்ணாமை, கொல்லாமை ஆகிய நெறிகளுக்கு நமக்குத் தெளிவான பழக்கங்கள் இருக்கின்றன. குழந்தைப் பருவத்திலேயே கைகளில் ஏறிவிடுகின்றன. கூலி கொடுப்பதற்கு அப்படியொரு பழக்கத்தை நம் வீடுகள் கற்பிக்கவில்லை. கடைத்தெரு கற்பித்ததையே மலையடிவாரத்திலும் செய்கிறோம்.

பேருந்து ஓட்டுநரையும் அவருடைய உதவியாளரையும் இன்னும் சொல்லவில்லை. நம் உயிர்கள் மூன்று நாள் அவர் கையில் இருக்கின்றன. பந்தியில் அவர் எந்த வரிசையில் அமர்கிறார்? பெரும்பாலும் அமர்வதில்லை, பொட்டலம் வண்டிக்குப் போகும். இரவில் நமக்குத் தருமசாலையில் அறை. அவருக்கு நாம் இறங்கிய இருக்கை. அவர் உறங்கினாரா என்பது நம் பாதுகாப்பைச் சேர்ந்த கேள்வியும்கூட. ஆனால் அறைச் சாவிகளைப் பங்கிடும் பட்டியலில் அவர் பெயர் எழுதப்படுவதில்லை. எவரும் வேண்டுமென்று விடவில்லை. பட்டியலின் தலைப்பு ‘யாத்திரிகர்கள்’ என்றிருக்கிறது; அவர் யாத்திரிகரல்லர். ஒரு சொல் ஒருவரை அறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் கைப்பேசியில் பயணத்தின் படங்கள் ஆயிரம் இருக்கும். அவற்றைத் திரும்பப் பாருங்கள். கோபுரமும் சிலையும் நீங்களும் இருப்பீர்கள். சமைத்தவர், ஓட்டியவர், தூக்கியவர், தருமசாலையைப் பெருக்கியவர் ஆகியோர் எத்தனை படங்களில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எவர் நடுவில், எவர் ஓரத்தில், எவர் பாதி வெட்டுப்பட்டு என்றும் பாருங்கள். சமூகவியல் கற்க இதைவிட மலிவான பாடநூல் கிடைக்காது. அடுத்த முறை ரயிலில் போகும்போது எதிரிலிருக்கும் தொழிலாளியிடம் அவருடைய ஊரின் பெயரைக் கேளுங்கள். பெயர் விளங்காவிட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். நம்மிடம் ஒருவர் அவ்வாறு கேட்டால் எவ்வளவு மகிழ்வோம்!

இனி வேண்டுகோள். வரும் பயணத்தில் அறைப் பட்டியலின் தலைப்பை ‘பேருந்தில் வருவோர்’ என்று மாற்றி, ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் ஓர் அறை ஒதுக்குங்கள். டோலிக் கூலியை அறக்கட்டளையே அடிவாரத்தில் கேட்டறிந்து முன்கூட்டியே நிர்ணயித்து, பயணக் கட்டணத்தோடு வாங்கிக்கொள்ளட்டும். படியடியில் பேரம் வேண்டாம். சமையலுக்கு ஆண்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். நெறி அறியாதவர்கள் சமைத்தால் பிழை நேருமே என்று பெரியவர்கள் தயங்கலாம். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆகவே பொறுப்பும் மேற்பார்வையும் தாய்மார்களிடமே இருக்கட்டும்; நீர் வடிகட்டுவதும் காய் நறுக்குவதும் அண்டா தூக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்களிடம் வரட்டும். மாலை உணவு ஆயத்தமாகும் நேரத்தில் கீழே நிற்க வேண்டியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு ஆளாக இருந்தால், மலையை எல்லோரும் ஒரு முறையாவது முழுமையாக ஏறிவிடலாம்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை நான்கு மணிக்கு இந்த மண்டபத்தின் பின்கட்டில் புளிக்காய்ச்சல் வேலை தொடங்கும் என்று பொருளாளர் சொன்னார். பெயர் கொடுப்பதற்கான தாள் வாயிற்புற மேசைமேல் இருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். இரண்டாம் வரி முதல் காலியாக இருக்கிறது.